கூலி போகாத வைத்தியம்: டாக்டரம்மா பதில்கள்

(திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகவும், பிறகு வட்டார மருத்துவ அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார். இந்த இதழில் கிராமத்து மருத்துவம் பற்றி வந்த கேள்விகள்.)

கேள்வி: எனக்கு வயது 38. செய்யாறு சிப்காட்டில் செருப்புக் கம்பெனி வேலை. விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். இரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) மாத்திரை வாங்க ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலியோடு வருகைப்படியும் போகிறது. மெடிக்கலில் காசு கொடுத்து வாங்க எல்லா மாதமும் முடிவதில்லை. அதனால் விட்டு விட்டுச் சாப்பிடுகிறேன். என்ன செய்வது டாக்டரம்மா?
(வாசகி, வந்தவாசி அருகில்)

பதில்: முதலில் மாத்திரை விஷயம். சர்க்கரை மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடாதீர்கள் அம்மா. இன்றைக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. பத்து வருடம் கழித்துக் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். மாத்திரை ஒழுங்காகப் போனால் இந்த நோயோடு இன்னும் முப்பது நாற்பது வருடம் நன்றாகவே வாழலாம்.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம். அது உங்கள் பேரில் கட்டிய பணம். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை இரண்டும் உண்டு. அது தூரம் என்றால், உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் சொல்லி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் பெயர் சேருங்கள். மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் உங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்ணாகத்தான் இருப்பார். இரவு ஏழு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருப்பேன் என்று அவரிடம் நேரிலேயே சொல்லி வையுங்கள்.

இது உங்களுக்கு. ஆனால் இந்தக் கேள்வி உங்களோடு முடிகிற விஷயம் இல்லை.

நம்முடைய பி.எச்.சி. என்கிற ஏற்பாடு 1946இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையிலிருந்து வளர்ந்தது. பின்னால் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்று கணக்கு வகுத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாரமே அந்தத் தேவைக்கு ஏற்றபடிதான் ஓடியது. செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு. மற்ற நாளில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சொறி சிரங்கு. ஐந்து நாள் மாத்திரையில் முடிகிற நோய்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் வேலையை முடித்துவிட்டு நண்பகலில் சேற்றுக்காலோடு வருவார்கள். நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டுப் பாதி வேலையில் கிளம்பி வருவதும் அன்றைக்கு முடிந்தது.

இன்றைக்கு அதே ஊரில் விடியற்காலை ரோட்டோரம் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு அடுக்கு டிபன் கேரியர், தலை காயாமலே பின்னிய பின்னல். முப்பது நாற்பது பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனதும் ஊரில் மிஞ்சுவது வயதானவர்களும் குழந்தைகளும்தான். காலை பத்து மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்க நிற்பது அந்தப் பெண்களுடைய மாமியார்கள். நோய் இருக்கிற மருமகள் பட்டறையில் செருப்புக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் திறந்து வைத்திருக்கிற நேரத்தில் அவள் வர முடியாது. அவள் வரக்கூடிய நேரத்தில் நாங்கள் ஓ.பி.யை மூடியிருப்போம். வைத்தியம் இலவசம் என்று பெயர். ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அவள் அதை வாங்க வேண்டியிருக்கிறது.

2020இல் தமிழ்நாடு முழுக்க ஓர் ஆய்வு நடந்தது. ரத்த அழுத்தம் இருப்பவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கவலைதான் இருந்தது. என் பணிக்காலத்தில் பார்த்த மாற்றங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். படுக்கையில் கிடக்கிற கிழவருக்கு வீட்டு வாசலில் இயன்முறைச் சிகிச்சை கிடைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தன்னார்வலரும் பெரும்பாலும் பகலில்தான் சுற்றுகிறார். உங்களைப் போன்ற முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் அப்போதும் வீட்டில் இல்லை.

மாற்ற வேண்டியது பெரிய விஷயம் இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை ஓ.பி. இருக்கட்டும். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கட்டும். சிகிச்சை நோட்டோடு கணவரோ மகளோ வந்தாலும் கொடுக்கட்டும். 2020 ஊரடங்கில் இரண்டு மாத மாத்திரை கொடுத்தோமே! அன்றைக்கு முடிந்தது இன்றைக்கும் முடியும்.

கேள்வி: அப்பாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 5 லட்சம் வரை என்கிறார்கள். ஆனால் மாதா மாதம் பி.பி. மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் எங்கள் கைக்காசுதான் போகிறது. பிறகு அட்டை எதற்கு? கவர்மெண்ட் மாத்திரை வேலை செய்யாது என்று அவர் அதையும் வாங்க மறுக்கிறார்.
(வாசகர், போளூர்)

பதில்: அட்டை, ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்கிற சிகிச்சைகளுக்கு. பட்டியலில் இருக்கிற அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றுக்கு அது செல்லும். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்தது. மாரடைப்பு வந்து, நிலத்தை விற்காமல் வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அந்த அட்டையைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அது உடம்பு விழுந்த பிறகு வருகிற பணம். விழாமல் காக்கிற மாத்திரைக்கு அதில் இடமில்லை. அம்லோடிபைன் என்கிற பி.பி. மாத்திரையை மாதம் முப்பது என்று ஒழுங்காகச் சாப்பிட்டால் பக்கவாதம் வருகிற வாய்ப்பு எவ்வளவோ குறைகிறது. பக்கவாதம் வந்த பிறகு அட்டையில் லட்சக்கணக்கில் செலவழித்தாலும் போன கையும் காலும் முழுதாகத் திரும்பும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அரசாங்கத்திடம் இருக்கிற அடுத்த ரூபாயைக் காப்பீட்டுக்குப் போடவா, துணை நிலையத்துக்குப் போடவா என்று கேட்டால், துணை நிலையத்துக்குத்தான் என்பேன்.

சரி, கவர்மெண்ட் மாத்திரை விஷயத்துக்கு வருவோம். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 1990களின் தொடக்கத்தில் பி.எச்.சி.யில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மாத்திரை டப்பாவில் உதிரியாக வரும். கம்பவுண்டர் அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். மழைக்காலத்தில் நமுத்துப்போகும். வருடக் கடைசியில் பல மருந்துகள் இருக்கவே இருக்காது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து மருந்து வாங்கி அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு நிலையத்துக்கும் பாங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று முதல் பக்கத்தில் இருக்கும். மாவட்டக் கிடங்கில் போய் எடுக்க எடுக்கக் கழித்து எழுதுவார்கள். எந்த மருந்து செலவாகிறது, எது தேங்குகிறது என்று கையெழுத்தோடு கண் முன்னால் நிற்கும். எங்கள் ஊரில் பாம்புக்கடி அதிகம், விஷமுறிவு மருந்தைக் கூட எடுக்கிறேன் என்று மருத்துவரே முடிவு செய்யலாம். மாத்திரை அட்டைகளில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்து வந்தது. வருகிற ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தேறிய பிறகுதான் நிலையங்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு வேறு மாநிலங்களும் இந்த ஏற்பாட்டைப் பார்த்து எடுத்துக்கொண்டன.

மெடிக்கலில் பளபள அட்டையில் விற்கிற அம்லோடிபைனும் பி.எச்.சி. அம்லோடிபைனும் ஒரே மருந்துதான். மாத்திரை வேலை செய்யவில்லை என்று என்னிடம் சொன்ன ஒரு பாட்டியின் சுருக்குப் பையைப் பிரித்துப் பார்த்தேன். வெற்றிலைக் காம்புக்கு நடுவே போன மாத அட்டை பாதி அப்படியே இருந்தது. தலை வலிக்கிற அன்றைக்கு மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். பி.பி.க்குத் தலைவலி வர வேண்டும் என்று இல்லை. தினமும் போட வேண்டும். அப்பா எப்படிச் சாப்பிடுகிறார் என்று அட்டையை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: சீனாவில் ‘வெறுங்கால் மருத்துவர்’ என்று ஒரு முறை இருந்ததாகப் படித்தேன். கிராமத்து விவசாயிகளையே பயிற்றுவித்து மருத்துவம் பார்க்க வைத்தார்களாம். அப்படிப்பட்ட நல்ல ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆரணி)

பதில்: ஐயா, பொது சுகாதாரம் படிக்கிற எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டிய கதை இது. 1968இல் சீன அரசின் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதிப் பெயரைப் பரப்பின. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சில மாதப் பயிற்சி. பாதி நேரம் வயலில், பாதி நேரம் தடுப்பூசி, பிரசவம், சின்னச் சின்ன வைத்தியம். அவர்களுக்குச் சம்பளமாகக் கூட்டுப்பண்ணை வேலைப் புள்ளிகளைக் கொடுத்தது; விளைச்சலில் பங்கு அந்தப் புள்ளிக் கணக்கில்தான். மருந்துச் செலவுக்குக் கூட்டுறவு மருத்துவ நிதி இருந்தது. 1970களின் கடைசியில் சீனக் கிராமங்களில் பத்தில் ஒன்பதில் இந்த நிதி இருந்தது.

அப்புறம் பொருளாதாரம் மாறியது. நிலம் குடும்பங்களின் பொறுப்புக்குப் போனது. கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. அரசாங்கம் மருத்துவத்தை ஒழிக்க வேண்டும் என்று திட்டம் போடவில்லை. ஆனால் வெறுங்கால் மருத்துவருக்கு வேலைப் புள்ளி போட ஆளில்லாமல் போயிற்று. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான கிராமங்களில் கூட்டுறவு நிதி காணாமல் போனது. 1985இல் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். தேர்வு எழுதித் தேறியவர்கள் ‘கிராம மருத்துவர்’ ஆனார்கள். அவர்கள் பிழைத்தது மருந்து விற்றும் ஊசி போட்டும். தடுப்பு வேலைக்குக் காசு கொடுப்பார் இல்லை, ஊசிக்குக் கொடுப்பார் உண்டு. எதைச் செய்வார்கள்? அரசு ஆஸ்பத்திரிகளே மருந்து விலையில் 15 சதவீதம் ஏற்றி விற்றுத்தான் செலவைச் சமாளித்தன. நோய் வந்தால் கடன் என்ற நிலைக்குக் கிராமத்துக் குடும்பங்கள் வந்தன.

சார்ஸ் தொற்றுநோய் வந்த 2003இல்தான் புதிய கூட்டுறவுத் திட்டம் தொடங்கியது. ஏழ்மையான மத்திய, மேற்குப் பகுதிகளில் ஒரு ஆளுக்கு விவசாயி 10 யுவான், மத்திய அரசு 10, உள்ளூர் அரசு 10. ஐந்தாறு வருடத்தில் கிராமத்து மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதில் சேர்ந்துவிட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் ஆரம்பத்தில் அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கான பணமாகவே இருந்தது. முன்னால் கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னால் திரும்ப வாங்க வேண்டும். போளூர் வாசகரின் கேள்வியை அங்கேயும் ஒருவர் கேட்டிருப்பார். 2016இல் இதை நகரத்துத் திட்டத்தோடு இணைக்க முடிவு செய்தார்கள்.

நம் ஊரில் 1991க்குப் பிறகு பொருளாதாரம் தலைகீழாக மாறியும் கிராம சுகாதார செவிலியர் காணாமல் போகவில்லை. காரணம், அவருடைய சம்பளம் அறுவடையையோ கிராமத்து நிதியையோ நம்பி இல்லை, மாநில பட்ஜெட்டில் இருக்கிறது. 1939இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் போட்ட காலத்திலிருந்தே தடுப்பு வேலைக்குத் தனித் துறை, தனி ஆட்கள் என்று இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. இன்றைக்கு என் கவலை வேறு. தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளம் இல்லை. சிப்காட் பஸ் அதைவிட அதிகம் கொடுக்கிறது. நல்ல பெண்கள் அந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டு வருவது யார்?

கேள்வி: எங்கள் ஊரில் ஊசி போடுகிற ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்கும் கிடைக்கிறார். படிப்பு என்ன என்று தெரியாது. போட்டதும் வலி போய்விடுகிறது. போகலாமா?
(வாசகர், சேத்துப்பட்டு)

பதில்: போகாதீர்கள். இப்படிப் போடுகிற ஊசியில் பல சமயம் வலி மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் கேட்கிறது. சர்க்கரை இருப்பவருக்கு அது சர்க்கரையைக் கண்டபடி ஏற்றும். ராத்திரியில் 24 மணி நேர பி.எச்.சி.யில் நர்ஸ் இருப்பார்; காய்ச்சலோ வலியோ அங்கே போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் 108. நெஞ்சுவலிக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை 2023 முதல் பி.எச்.சி.யிலும் துணை நிலையத்திலும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவரிடம் ஏன் கூட்டம் என்பதை எங்கள் துறை யோசிக்க வேண்டும். கூலி முடிந்து மக்கள் வீட்டுக்கு வருகிற நேரத்தில் அவர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் பி.எச்.சி.க்கு வருகிற இளம் டாக்டர்கள் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுகிறார்கள். கட்டிப்போட வழியில்லையா?
(வாசகி, செங்கம்)

பதில்: அவர்கள் மேல்படிப்புக்குப் போகிறார்கள். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாநில அரசு நிரப்பும் அரசுக் கல்லூரி முதுநிலை இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு உண்டு. அப்படி ஒதுக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டா என்ற வழக்கில் 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் ஜவ்வாது மலைக்கு யார் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போகிறவர்களில் பலர் நம் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே நிபுணராகத் திரும்புகிறார்கள். அதனால் அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

டாக்டர் மாறலாம், நர்சம்மா மாறக் கூடாது. எந்த வீட்டில் யார் கர்ப்பம், யாருக்கு ரத்தசோகை, யார் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் எப்போது திரும்புவார் என்று அவருக்குத்தான் தெரியும். அவரை வீட்டுக்கு வீடு நடக்க விடாமல், கணினியில் பதிவேற்றும் வேலையில் உட்கார வைத்திருக்கிறோம். கேட்டால் ‘எண்ட்ரி முடியலை டாக்டர்’ என்பார்கள். பதிவு தேவைதான். அதற்கென்று ஒரு ஆளைத் தனியாகப் போடுங்கள் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன்.

கேள்வி: மருமகளுக்கு முதல் பிரசவம். பி.எச்.சி. போதுமா, டவுனில் தனியாருக்குக் கூட்டிப்போகவா?
(வாசகி, கலசப்பாக்கம்)

பதில்: ரத்த அளவு சரி, பி.பி. சரி, குழந்தை தலை கீழாக இருக்கிறது என்றால் பி.எச்.சி.யே போதும். சிக்கல் தெரிந்தால் அவர்களே முன்கூட்டி அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 அறுவை. தனியாரில் 64 வரை. இத்தனை பேருக்கும் கத்தி தேவைப்பட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. அறுவைக்காகக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கி, குழந்தைக்கு மூன்று மாதம் ஆவதற்குள் கம்பெனி பஸ் ஏறிய பெண்ணைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பப் பதிவு எண் வாங்கிவிட்டீர்களா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கு அது வேண்டும்.

கேள்வி: கிராம சபையில் ஆஸ்பத்திரி பற்றிப் பேசலாமா? பேசினால் ஏதாவது நடக்குமா?
(இளைஞர் மன்றத்தார், தண்டராம்பட்டு)

பதில்: பேசுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. அதிகம் பேசுவது ரோடும் தெருவிளக்கும்தான். உங்கள் ஊருக்கு கிராம சுகாதாரக் குழு என்று ஒன்று காகிதத்திலாவது இருக்கும். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005இல் வந்த பிறகு அதற்கென்று வருடத்துக்கு 10,000 ரூபாய் நிதி ஒதுக்கினார்கள். இந்த வருடம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று முதலில் கேளுங்கள். கோபமாக வேண்டாம். கணக்கு நோட்டைக் கொண்டு வரச் சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறுபவர்கள், திருப்பூர், பெங்களூர் போய் மாதம் ஒரு முறை வருபவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோரில் சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எந்த நாள், எந்த நேரம் தோதுப்படும் என்று எழுதிக்கொண்டு போங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். நோய் அவரவர் சொந்த விஷயம். ‘வைத்திய வசதி வேண்டும்’ என்ற பொதுத் தீர்மானத்தைக் கோப்பில் சொருகிவிடலாம். ‘வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து முதல் எட்டு வரை துணை நிலையம் திறந்திருக்க வேண்டும், எங்கள் ஊரில் இத்தனை பேருக்கு இது தேவை’ என்று தீர்மானம் போட்டால் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். நான் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மாலையில் இருக்கிற நர்சம்மா வீடு திரும்ப என்ன வழி, வாசலில் விளக்கு இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். அதைச் செய்து தர வேண்டியது பஞ்சாயத்து. தீர்மான நகலைப் பஞ்சாயத்து அலுவலகக் கையெழுத்தோடு வாங்கி, ஒன்றை வட்டார மருத்துவ அலுவலருக்கும் ஒன்றை மாவட்ட சுகாதார அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள்.